கம்ப்யூட்டரை மாற்றுகிறவர்கள் சொல்லியும் கொடுக்க வேண்டும்



நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். "டீச்சருக்கு ரிட்டயர் ஆனதிலிருந்து பொழுது போகவில்லை" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் என்னிடம் மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் படித்த நீங்கள் பலர் இன்று மேலாளர், செயலாளர், முதலாளி, ஐ.டி. இன்சார்ஜ் என்று நாலு பேருக்கு மேலே இருக்கிறீர்கள். முக்கியமாக உங்களுக்குத்தான் இது. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது உங்களுக்குத் தெரியும். அதை ஒட்டி ஊரெல்லாம் மெஷின் மாற்றுகிறார்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் இருக்க வேண்டும், பழைய மெஷின் பலவற்றில் அது இல்லை. அதனால் பெட்டியையே தூக்கிவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். சில இடங்களில் பணம் மிச்சம் என்று லினக்ஸ் போடுகிறார்கள். எதையும் நான் குறை சொல்லவில்லை. மாற வேண்டியது மாறத்தான் வேண்டும்.

என் கேள்வி வேறு. மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கினீர்கள். யு.பி.எஸ்.ஸுக்கு வாங்கினீர்கள். ஒயரிங் வேலைக்குக்கூட வாங்கினீர்கள். அந்த மெஷின் முன்னால் நாளைக்கு உட்காரப் போகிற மனிதர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு ஒதுக்கினீர்கள்? நான் விசாரித்த இடங்களில் எல்லாம் ஒரே பதில்தான். "க்ரூப்பில் ஒரு வீடியோ லிங்க் போட்டிருக்கிறோம் டீச்சர், பார்த்துக்குவாங்க."

பார்த்துக்கொள்ள மாட்டார்கள். என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

என் உறவில் ஒரு பெண். ஐம்பத்தாறு வயது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷ சர்வீஸ். கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டாள். ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் போனால் மேஜையில் புது மெஷின். இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வலது கிளிக் செய்தால் பழைய பட்டியல் வரவில்லை, அதைப் பார்க்க இன்னொரு தடவை அழுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பல வருஷமாகத் தட்டி வைத்திருந்த தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் தமிழ் இல்லை, ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்த குப்பையாகத் தெரிகிறது. வெளியே கவுன்ட்டரில் ஜனங்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

பக்கத்து சீட் பையனைக் கேட்டாள். சொன்னான். மறுபடி கேட்டாள். "அக்கா, இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் இருந்தீங்க?" என்றான். எல்லார் முன்னாலும். அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு துண்டுச் சீட்டில் தன் யூசர் ஐடியையும் பாஸ்வேர்டையும் எழுதி அவனிடமே கொடுத்துவிட்டாள். இப்போது அவள் பெயரில் அவன் பதிவு போடுகிறான். அவள் கையெழுத்துப் போடுகிறாள்.

அந்தப் பையன் நல்ல பையனாகவே இருக்கட்டும். நாளைக்கு ஒரு தொகை இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டில் யார் ஐடி என்றுதான் பார்ப்பார்கள். மெமோ யாருக்கு வரும்? ஓய்வூதியப் பலன் யாருக்கு நிற்கும்? முப்பது வருஷத்து நல்ல பேர் ஒரு துண்டுச் சீட்டில் தொங்குகிறது. இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு "நீயே போட்டுவிடப்பா" என்கிற பெரிய அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன். ஓ.டி.பி. வந்ததும் பிரவுசிங் சென்டர் பையனுக்கு போன் செய்து படித்துச் சொல்கிற ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. சொல்லிக்கொடுக்கப்படாதவர்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியை, அவ்வளவுதான். கம்ப்யூட்டரைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட அதிகம் தெரியும். ஆனால் தெரியாத ஒருவருக்கு ஒன்றை எப்படித் தெரியவைப்பது என்பது என் தொழில். அந்தத் தொழிலில் நின்றுகொண்டு சொல்கிறேன்: இன்றைக்கு 'கம்ப்யூட்டர் பயிற்சி' என்ற பெயரில் பெரும்பாலான இடங்களில் நடப்பது பயிற்சியே இல்லை.

எங்கள் துறையிலேயே பார்த்திருக்கிறேன். மாநில அளவில் சிலருக்குச் சொல்வார்கள். அவர்கள் மாவட்டத்தில் சொல்வார்கள். மாவட்டத்தில் கேட்டவர் வட்டார வள மையத்தில் சொல்வார். அங்கே கேட்ட கருத்தாளர் குறுவள மையத்தில் வந்து எங்களுக்குச் சொல்வார். நாலு கை மாறி வரும் பாலில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? ஒரு ஹாலில் எண்பது பேர், முன்னால் ஒரு திரை. கருத்தாளர் மவுஸை நகர்த்துவார், நாங்கள் பார்ப்போம். பதினோரு மணிக்கு டீ, சாயந்திரம் வருகைப்பதிவில் கையெழுத்து. அந்த எண்பது பேரில் அன்றைக்கு மவுஸைத் தொட்டவர் ஒரே ஒருவர், கருத்தாளர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில்தான் வகுப்பறையில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-க்குள் மாநிலம் முழுக்க வந்தது. உங்களில் சின்னவர்களுக்கு அந்த அட்டைகள் நினைவிருக்கும். கற்றல் ஏணி, சின்னச் சின்னக் குழு, பாயில் உட்கார்ந்து செய்வது. பிள்ளை தன் வேகத்தில் கற்கும், கையால் செய்து கற்கும், எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். அதில் குறைகள் இருந்தன, அது வேறு பதிவு. ஆனால் அடிப்படை சரி. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரியான அந்த விதி, ஐம்பத்தாறு வயது ஊழியருக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்? பிள்ளைக்கு ஏணி, பெரியவருக்குத் திரையா?

நீச்சலைக் கரையில் உட்காரவைத்துப் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்க முடியாது. அவரவர் கிணற்றில் இறக்கிவிட வேண்டும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

இன்னொரு தவறும் நடக்கிறது. பயிற்சி என்றாலே எக்ஸெல், வேர்ட், டேலி என்றுதான் நினைக்கிறார்கள். இவையெல்லாம் நிற்கிற தரை ஒன்று இருக்கிறது, அதுதான் இயங்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம். அதை யாரும் சொல்லித்தருவதில்லை. வீட்டில் மிக்ஸி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு மெயின் சுவிட்ச் எங்கே என்று சொல்லாமல் விட்டது போல. நான் கேட்ட புலம்பல்களில் முக்கால்வாசி எக்ஸெல் பற்றியது இல்லை. "சேவ் பண்ணினேன், எங்கே போச்சுன்னு தெரியல." "பிரின்ட் கொடுத்தேன், வரல, பத்துத் தடவை கொடுத்தேன், மறுநாள் பத்துப் பிரதி வந்தது." "அப்டேட் ஓடுது, அணைக்கலாமா கூடாதா?" இதெல்லாம் தரையைப் பற்றிய கேள்விகள்.

ஒரு உதாரணம் விளக்கமாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கும் பயன்படும். புது மெஷினில் மைக்ரோசாப்ட் கணக்கு போட்டு நுழைந்தால், டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் இருப்பதை ஒன்டிரைவ் என்ற இணையக் கிடங்கோடு இணைத்துவிடும் ஏற்பாடு பல இடங்களில் ஓடத் தொடங்கிவிடுகிறது. இலவசமாகக் கிடைப்பது 5 ஜி.பி. இடம். ஆபீஸ் கோப்புகளுக்கு அது எந்த மூலைக்கு? நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வரும். ஊழியர் என்ன செய்வார்? 'இணையத்தில் இருப்பது ஒரு நகல்தானே, மெஷினில் அசல் இருக்கிறதே' என்று நினைத்து அங்கே அழிப்பார். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை, இங்கே அழித்தால் அங்கேயும் போகும். நகல் எடுத்து வைப்பது வேறு, இரண்டு இடத்தையும் ஒத்திசைப்பது வேறு என்று ஒரு அரை மணி நேரம், அவர் மெஷினிலேயே, அவர் கோப்பை வைத்துச் செய்து காட்டியிருந்தால் போதும். அழித்தது குறிப்பிட்ட நாள்வரை ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியில் கிடக்கும், மீட்கலாம் என்பதையும் காட்டியிருக்கலாம். யாரும் காட்டுவதில்லை. பிறகு "பழைய ஆளுங்க எல்லாத்தையும் டெலீட் பண்ணிடறாங்க" என்று பழி.

அந்தத் தமிழ்க் கடிதக் குப்பையும் இதே கதைதான். பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், மெஷினைப் பொறுத்தவரை நீங்கள் தட்டியது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டது போல. பாமினியும் வானவில்லும் அப்படி வந்தவைதான். அந்த எழுத்துரு புது மெஷினில் இல்லையென்றால் முகமூடி கழன்றுவிடும். தீர்வு இரண்டு. உடனடிக்கு எழுத்துருவை நிறுவுவது. நிரந்தரத்துக்கு யூனிகோடுக்கு மாற்றுவது. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டியே யூனிகோடைத் தமிழக அரசு தன் தரமாக ஏற்றுவிட்டது. 1999-ல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து வந்த தமிழ்99 விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதையும் வாங்க வேண்டாம், அமைப்புகளில் போய்ச் சேர்த்தால் போதும். ஆனால் தட்டச்சு விசைப்பலகையில் இருபது வருஷம் ஓடிய விரல்கள் ஒரே நாளில் தமிழ்99-க்கு வராது. அதற்கு நாள் கொடுக்க வேண்டும், பழைய விசை அமைப்பிலேயே யூனிகோடு தட்டும் வழியையும் காட்ட வேண்டும். எங்கோ உட்கார்ந்து ஆங்கிலத்தில் தயாரித்த வீடியோவில் இதெல்லாம் வருமா? வராது. ஏனென்றால் அதைத் தயாரித்தவருக்கு அந்தப் பெண்ணின் மேஜையில் பாமினிக் கடிதம் இருப்பது தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், பயிற்சி வேலை நடக்கும் இடத்துக்கு வர வேண்டும். அவர்களுடைய பிரின்டர், அவர்களுடைய கைரேகைக் கருவி, அவர்களுடைய கோப்பு, அவர்களுடைய எழுத்துரு. ஊரில் உள்ள எல்லா ஆபீஸும் ஒரே விண்டோஸைத்தான் வைத்திருக்கின்றன, ஆனால் எந்த இரண்டு ஆபீஸிலும் வேலை ஒன்றில்லை. பனியன் கம்பெனியில் பில்லிங்கும் பார்கோடும். மருத்துவமனையில் ஒரே மெஷினில் மூன்று ஷிப்டில் மூன்று பேர், அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது எழுந்து போகும்போது திரையைப் பூட்டுவது. பள்ளி அலுவலகத்தில் எமிஸ், சான்றிதழ், சம்பளப் பட்டியல். எல்லோருக்கும் ஒரே பாடம் என்றால் யாருக்கும் பாதிக்கு மேல் பயன் இல்லை.

குழுவாக ஏன் என்று கேட்கலாம். தனியாகக் கற்றவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. ஒன்றாக வேலை செய்கிற ஆறு பேர் ஒன்றாகக் கற்றால், ஒருவர் மறந்தது இன்னொருவருக்கு நினைவிருக்கும். அதைவிட முக்கியம், ஆறு பேரும் ஒன்றாகத் தடுமாறினால் தடுமாறுவதில் வெட்கம் இருக்காது. வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளையும் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் கலந்து உட்கார வைத்தபோது என்ன நடந்தது என்று நீங்களே அறிவீர்கள்.

செய்ய முடியாத காரியமா? பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று பள்ளிகளுக்காகத் தொடங்கினார்கள். பிறகு லினக்ஸுக்கு மாறினார்கள். மென்பொருள் இலவசம் என்பதால் மட்டும் அது நின்றுவிடவில்லை. பள்ளி ஆசிரியர்களையே மாஸ்டர் ட்ரெய்னர்களாக எடுத்தார்கள், பாடத்துக்கு ஏற்றபடி இயங்குதளத்தையே பள்ளிகளுக்கென்று அமைத்தார்கள், மலையாளத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 2017-ல் அது கைட் என்ற அரசு நிறுவனமாகவே வளர்ந்தது. நம் பக்கம் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு இயங்குதளம், தமிழிலும் வேலை செய்யும். உங்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தீர்கள்? எனக்குத் தெரிந்த வீடுகளில் அதை முதல் வாரத்திலேயே கடையில் கொடுத்து அழித்தார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. பெட்டியைக் கையில் கொடுத்தவர்கள் அதை எப்படித் திறப்பது என்று சொல்லவில்லை.

இனி உங்கள் எதிர்வாதங்கள். எனக்கு அவை மனப்பாடம்.

"யூடியூப்பில் எல்லாம் இருக்கு டீச்சர்." இருக்கிறது. தெரிந்தவருக்குத்தான் எதைத் தேடுவது என்று தெரியும். 'ஒத்திசைவு' என்ற சொல்லே தெரியாதவர் என்னவென்று தேடுவார்?

"செலவு ஆகும்." ஆகும். இப்போது ஆகும் செலவைக் கணக்குப் பார்த்தீர்களா? ஒரு ஆபீஸில் பத்துப் பேர். ஒவ்வொருவரும் தினம் அரை மணி நேரம் தேடுவதிலும் கேட்பதிலும் கழித்தால் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். மாதம் இருபத்தைந்து வேலை நாள் என்றால் நூற்று இருபத்தைந்து மணி நேரம். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு, என்னிடம் படித்தவர்களுக்கு வர வேண்டும். அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் சம்பளம் கொடுக்கிறீர்கள்.

"வயசானவங்களுக்கு ஏறாது." இந்த வாக்கியம்தான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. அறுபது வயதில் போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். பேரனோடு வீடியோ காலில் பேசக் கற்றுக்கொண்டார்கள். தேவை இருந்தது, பக்கத்தில் பொறுமையாக ஒரு பேத்தி இருந்தாள், ஏறியது. உங்கள் ஆபீஸில் தேவை இருக்கிறது, பொறுமைதான் இல்லை. இரண்டு மூன்று வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறவருக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்த இரண்டு மூன்று வருஷமும் பொதுஜனம் அவர் கவுன்ட்டரில்தான் நிற்கப் போகிறது.

"இனி எல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கும்." அதனிடம் கேட்கவும் உங்கள் பிரச்சினை என்னவென்று சொல்லத் தெரிய வேண்டும். அது சொல்லும் பதில் சரியா என்று பார்க்கவும் தெரிய வேண்டும். தரை தெரியாதவருக்கு அதுவும் இன்னொரு பக்கத்து சீட் பையன்தான்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. முதலாளிகளாகவும் அதிகாரிகளாகவும் இருக்கிற என் மாணவர்களே, எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பயிற்சியாளர் வாயைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு மேஜையிலும் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பிலிருந்து தினசரி வேலைகள் பத்தைப் பட்டியல் போடுங்கள். அதுதான் பாடத்திட்டம்.

ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். மவுஸ் கற்பவர் கையில் இருக்க வேண்டும், கற்பிப்பவர் கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். "தள்ளுங்க, நான் பண்ணிடறேன்" என்று சொல்கிற பயிற்சியாளரை அன்றே அனுப்பிவிடுங்கள்.

முழு நாள் வேண்டாம். காலையில் கவுன்ட்டர் திறக்கும் முன் ஒன்றரை மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள், ஒரு மாதம். அது வேலை நேரமாகக் கணக்காக வேண்டும். வீட்டு வேலையை முடித்து ஓடிவரும் பெண்களை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்வது பயிற்சி இல்லை, தண்டனை.

பாஸ்வேர்ட், திரையைப் பூட்டுதல், நிர்வாகிக் கணக்குக்கும் சாதாரணக் கணக்குக்கும் உள்ள வேறுபாடு, நகல் எடுத்து வைத்தல், இந்த நான்கும் எந்த ஆபீஸிலும் கட்டாயம். விண்டோஸ் பட்டனோடு 'எல்' அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். இந்த ஒன்றைப் பழக்கினாலே பாதி ஆபத்து குறையும்.

எல்லாம் முடிந்ததும் தமிழில் ஒரே ஒரு பக்கக் குறிப்பு, படத்தோடு, ஒவ்வொரு மேஜையிலும். குழுவிலேயே ஒருவரை, பொறுமைசாலியை, கேட்டால் சொல்கிறவராக நியமியுங்கள். அதற்கு அவருடைய வேலையில் கொஞ்சம் குறையுங்கள். மூன்று வாரம் கழித்துப் பயிற்சியாளர் திரும்ப வர வேண்டும். உண்மையான சந்தேகம் மூன்று வாரம் கழித்துத்தான் வரும். சான்றிதழ் வேண்டாம். அந்தப் பத்து வேலைகளையும் யார் உதவியும் இல்லாமல் செய்து காட்டினால் அதுவே சான்றிதழ்.

ஊழியர்களாக இருக்கிற என் உறவுகளே, உங்களுக்கும் ஒன்று. கேட்க வெட்கப்படாதீர்கள். தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள், ஆறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எழுத்தில் கேட்டால் சிரிக்க முடியாது. புது மெஷின் வருகிறது என்று தெரிந்த அன்றே எழுதிக் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், என் பேரனே வந்து கேட்டாலும்.

பக்கத்து சீட்டில் இருக்கிற இளம் பிள்ளைகளே, உங்களையும் நான் விட்டுவிடப் போவதில்லை. நீங்கள் 'அ' எழுத எத்தனை நாள் எடுத்தீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. கையைப் பிடித்து மணலில் எழுத வைத்தேன். ஒருவரைப் பார்த்தும் இதுகூடத் தெரியாதா என்று கேட்டதில்லை. அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க விரும்பினால், நாளைக்கு உங்கள் ஆபீஸில் மூத்தவர் ஒருவர் மூன்றாவது தடவை அதே சந்தேகத்தைக் கேட்கும்போது முதல் தடவை போலவே சொல்லுங்கள்.

உங்கள் ஆபீஸில் மெஷின் மாற்றினார்களா, பயிற்சி கொடுத்தார்களா, எப்படிக் கொடுத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். நல்லபடியாக நடத்தியவர்கள் கட்டாயம் எழுதுங்கள், மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்யட்டும். உங்கள் மேலாளரும் இந்தப் பக்கத்தில் இருந்தால் அவருக்கும் காட்டுங்கள். ஒருவேளை அவரும் என் மாணவராக இருக்கலாம்.

எல்லோரும் நல்லா இருங்க.

உங்கள் டீச்சர்